துறையும் கூற்றும்: சாமர்செட் மாம், மிகயீல் புல்ககோவ் புனைகதைகளில் இளம் மருத்துவனின் பயிற்சிக் காலம்

ஆய்வுச்சுருக்கம்

மருத்துவக் கல்வியை முடிக்கும் தறுவாயில் இருக்கும் இளைஞன் மருத்துவமனையின் பல துறைகளில் பணிபுரிந்து பயிலும் காலத்தைச் சாமர்செட் மாமின் 'ஆஃப் ஹியூமன் பாண்டேஜ்' (1915) விரிவாகப் பதிவு செய்கிறது. அத்தகைய துறைப்பிரிவே இல்லாத சிற்றூர் மருத்துவமனையில் தனியே நிற்கும் இளம் மருத்துவனை மிகயீல் புல்ககோவ் 1925 முதல் 1927 வரை வெளியிட்ட சிறுகதைகள் காட்டுகின்றன. இவ்விரு படைப்பாளரும் மருத்துவம் பயின்றவர்கள். 'துறை' என்பது பேசுவோரையும் கேட்போரையும் வரையறுக்கும் ஓர் ஏற்பாடு என்னும் தமிழ்ச் செய்யுளியல் கருத்தைத் துணையாகக் கொண்டு, இப்படைப்புகளில் நோயாளியின் கூற்றுக்கு எவ்வளவு இடம் கிடைக்கிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: துறை, கூற்று, கேட்போர், களன், மருத்துவப் பயிற்சி, மாம், புல்ககோவ்.

முன்னுரை

தமிழ் வாசகருக்குச் சாமர்செட் மாம் பெரும்பாலும் திருவண்ணாமலை வழியாகவே அறிமுகமானவர். 1938-இல் அவர் ரமணரைச் சந்தித்ததும், அச்சந்திப்பின் சாயல் 'தி ரேசர்ஸ் எட்ஜ்' (1944) நாவலில் படிந்திருப்பதும் பலமுறை எழுதப்பட்டுள்ளன. அதற்கு நாற்பதாண்டுகளுக்கு முன்பு லண்டனின் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் நோயாளர் குறிப்பு எழுதிக்கொண்டிருந்த மாணவன் மாம் அந்த அளவுக்குக் கவனம் பெறவில்லை. 1892-இல் அங்குச் சேர்ந்து 1897-இல் மருத்துவராகத் தகுதி பெற்ற அவர் அதன்பின் மருத்துவத்தைத் தொழிலாகக் கொள்ளவில்லை. ஆயினும் மருத்துவமனையைக் காட்டிலும் சிறந்த பயிற்சிக்களம் எழுத்தாளனுக்கு இல்லை என்னும் கருத்தைத் 'தி சம்மிங் அப்' (1938) நூலில் வலியுறுத்தினார். மனிதர் வலியைத் தாங்குவதையும் அஞ்சுவதையும் இறப்பதையும் அங்கே முகமூடியின்றிக் கண்டதாக அவர் கூறுவது, மருத்துவ-எழுத்தாளர்களைப் பற்றிய பேச்சில் மறுப்பின்றி ஏற்கப்பட்டுவிட்ட ஒன்று.

அதை மறுபரிசீலனை செய்ய வேண்டியுள்ளது. காண்பது வேறு, அறிவது வேறு. மருத்துவமனையில் நோயாளி தன்னை மறைக்காமல் இருப்பதற்குக் காரணம் அவர் உண்மையைத் திறந்து காட்டுவதுதானா, மறைத்துக்கொள்ளும் உரிமை அவருக்கு அங்கே இல்லாததா என்னும் வினா எழுகிறது. மாமின் கட்டுரைநூல் இவ்வினாவை எழுப்பவில்லை. அவரது நாவல் எழுப்புகிறது.

'துறை' என்னும் சொல்

மருத்துவமனைப் பிரிவைக் குறிக்க இன்றைய தமிழில் வழங்கும் 'துறை' என்னும் சொல் செய்யுளியலுக்கும் உரியது. தொல்காப்பியச் செய்யுளியல் செய்யுளுக்குரியனவாகச் சுட்டும் முப்பத்து நான்கு உறுப்புகளில் கூற்று, கேட்போர், களன், காலம், துறை ஆகியனவும் அடங்கும். ஓர் அகப்பாடலின் அடியில் காணப்படும் துறைக்குறிப்பு, யார் யாருக்கு எச்சூழலில் சொல்லியது என்பதைத் தெரிவிக்கிறது. தோழியின் கூற்றில் அமையத்தக்கது வேறு, செவிலியின் கூற்றில் அமையத்தக்கது வேறு. துறை மாறினால் அதே சொல்லின் பொருளும் மாறும்.

மருத்துவமனைத் துறையும் ஏறத்தாழ இவ்வாறே இயங்குகிறது. புறநோயாளர் பிரிவில் மருத்துவர் கேட்பார், நோயாளி விடை கூறுவார், மாணவர்கள் பார்த்து நிற்பர். உள்நோயாளர் விடுதியில் நோயாளி நாள்கணக்கில் படுத்திருப்பதால் உரையாடல் நோயைக் கடந்தும் செல்லலாம். மகப்பேற்றில் அயல்வீட்டுப் பெண்களும் பேசுவர். இப்பொருத்தத்தை அளவுக்கு மீறி நீட்டலாகாது. அகத்துறை கவிஞரும் வாசகரும் அறிந்து ஏற்ற மரபு, மருத்துவமனைத் துறையோ நிர்வாகத்தின் ஏற்பாடு. எனினும் ஒரு பயிற்சி மருத்துவன் துறை துறையாக மாறும்போது நோய்கள் மட்டும் மாறுவதில்லை, பேசும் உரிமையின் பங்கீடும் மாறுகிறது என்பதை இச்சொல் தெளிவாக்குகிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் லண்டன் மருத்துவமனைகளில் மாணவர் முதலில் மருத்துவரின்கீழ் நோயாளர் விவரம் எழுதுபவராகவும், அறுவை மருத்துவரின்கீழ்ப் புண்ணுக்குக் கட்டுப் போடுபவராகவும் குறித்த மாதங்கள் பணியாற்றினர். தேர்ச்சி பெற்றபின் கிடைப்பது ஹவுஸ் சர்ஜன் பதவி. தமிழ்நாட்டில் எம்.பி.பி.எஸ். பயிற்சி மருத்துவரை இன்றும் 'ஹவுஸ் சர்ஜன்' என்று அழைக்கும் வழக்கு அந்தப் பழைய ஏற்பாட்டின் எச்சமாகும். பெயர் நிலைத்திருக்க, அது சுட்டும் படிநிலை சற்றுக் கீழே இறங்கியிருக்கிறது.

களிமண்ணும் கால்களும்

'ஆஃப் ஹியூமன் பாண்டேஜ்' நாவலின் நாயகன் பிலிப் கேரி பிறவியிலேயே வளைபாதம் உடையவன். மாமின் திக்குவாயே நாவலில் வளைபாதமாக உருமாறியது என்பது திறனாய்வாளர் பலரும் ஒப்பும் கருத்து. கணக்காயர் அலுவலகத்திலும் பாரிஸின் ஓவியக்கூடத்திலும் தோற்றபின் பிலிப் செயின்ட் லூக்ஸ் என்னும் மருத்துவமனையில் மாணவனாகச் சேர்கிறான். உடற்கூறு அறையைக் கடந்து அவன் முதலில் அடையும் இடம் டாக்டர் டிரெல்லின் புறநோயாளர் பிரிவு.

இப்பகுதி நாவலில் மிகுதியும் பாராட்டப்பெற்ற ஒன்று. வரிசையாக வரும் நோயாளிகள், தீராத நோயை அறியாமல் எழுந்து போகிறவர்கள், சிரிப்பையும் துயரையும் அடுத்தடுத்துக் காட்டும் சிறு சித்திரங்கள் என மாமின் நடை இங்கே சுருக்கமும் விரைவும் கொண்டு அமைகிறது. பிலிப் இவ்வேலையில் முதன்முறையாக மகிழ்ச்சி அடைகிறான். தான் ஒரு கலைஞனின் இடத்தில் இருப்பதாகவும் நோயாளிகள் தன் கையில் களிமண்ணாக இருப்பதாகவும் உணர்கிறான். ஓவியத்தில் தோற்றவனுக்கு மருத்துவமனை இரண்டாம் கலைக்கூடமாக வாய்க்கிறது.

இந்த உவமை அழகானது, அஞ்சத்தக்கதும்கூட. களிமண் பேசுவதில்லை. அப்பகுதியின் நோயாளிகள் பேசுகிறார்கள் எனினும், கேட்கப்பட்டவற்றுக்கு விடையாகவே பேசுகிறார்கள். அவர்கள் கதவைத் தாண்டியபின் என்ன ஆனார்கள் என்பதை அறியும் வழி பிலிப்புக்கும் இல்லை, வாசகருக்கும் இல்லை. புறநோயாளர் பிரிவு இயங்கும் முறையே அது: சில நிமிடங்கள், ஒரு சீட்டு, அடுத்தவர். மாமின் சிறுகதை வடிவத்துக்கு இவ்வேகம் பெரிதும் உதவியிருக்கக்கூடும். ஆனால் மனிதரை முழுமையாகக் கண்டதாக அவர் பின்னாளில் கொண்ட உறுதிக்கு இந்தச் சில நிமிடங்கள் போதிய சான்றாகா.

நாவல் தன் நாயகனை இந்த உவமையின் சுகத்தில் நீடிக்க விடவில்லை. அறுவைப் புறநோயாளர் பிரிவில் ஜேக்கப்ஸ் என்னும் உதவி அறுவை மருத்துவரின்கீழ் அவன் பணிபுரியும்போது, தந்தையுடன் ஒரு சிறுவன் வருகிறான். அவனுக்கும் வளைபாதம். தனக்கு அதனால் தொந்தரவே இல்லை, பார்வைக்குத்தான் ஒரு மாதிரி என்று அவன் எவ்விதக் கூச்சமுமின்றிப் பேச, தந்தை அவன் வாயை அடக்குகிறார். மாணவர்கள் சூழ்ந்து நிற்கையில் ஜேக்கப்ஸ் பிலிப்பின் பக்கம் திரும்புகிறார். அவன் காலும் அத்தகையதே என்பதை நினைவூட்டி, காலணியைக் கழற்றச் சொல்கிறார். அவரிடம் கொடுமை ஏதும் இல்லை. அது பாடம் நடத்தும் நேரம், ஓர் எடுத்துக்காட்டு அருகிலேயே நிற்கிறது, அவ்வளவுதான். மறுக்கும் துணிவின்றிப் பிலிப் கழற்றுகிறான்.

மருத்துவப் பயிற்சியைப் பற்றி மாம் எழுதியவற்றுள் உச்சம் இக்காட்சிதான். நாவலின் தொடக்கத்தில் பள்ளியின் படுக்கையறையில் ஒரு மாணவன் பிலிப்பின் கையை முறுக்கி, போர்வைக்கு வெளியே காலை நீட்டச் செய்த நிகழ்ச்சியை இது மீள நிகழ்த்துகிறது. அங்கே கைமுறுக்கு தேவைப்பட்டது. இங்கே ஒரு மரியாதையான கேள்வி போதுமானதாக இருக்கிறது. கலைஞனாகத் தன்னை எண்ணியவன் ஒரு நொடியில் களிமண்ணாகிறான். கூற்றுக்கு உரியவன் காட்சிப்பொருளாகிறான். எல்லாவற்றினும் நுட்பமானது, நோயாளியான சிறுவனுக்கு நாணம் இல்லை, மாணவனுக்கு இருக்கிறது என்பது. சிறுவனின் அக்கறையின்மையைப் பிலிப் பொறாமை கலந்த வியப்புடன் பார்க்கிறான்.

வளைபாதத்தை மனிதத் தளைகளின் குறியீடாக வாசிக்கும் மரபு தவறன்று. நாவலின் தலைப்பே ஸ்பினோசாவின் நூற்பகுதி ஒன்றன் தலைப்பிலிருந்து பெறப்பட்டது. ஆனால் அவ்வாசிப்பு ஒரு கட்டத்துக்குமேல் காலை மறந்துவிடுகிறது. ஜேக்கப்ஸின் அறையில் அது குறியீடு அன்று, ஒரு கேஸ். பிற்பாடு அவரே அறுவை செய்ய, பிலிப்பின் நடை ஓரளவு சீராகிறது, முன்னைவிடப் பார்வைக்கு உறுத்தாத காலணி அணிய இயலுகிறது. அவமதிப்பு நேர்ந்த அதே அறையிலிருந்துதான் உதவியும் வருகிறது. மாம் இவற்றில் ஒன்றைக் கொண்டு மற்றொன்றை நேர்செய்யவில்லை.

உள்நோயாளர் விடுதியில் பிலிப் ஏதெல்னி என்னும் நோயாளியைச் சந்திப்பதும், மஞ்சள்காமாலையுடன் படுத்திருக்கும் அம்மனிதர் ஸ்பெயினைப் பற்றியும் கவிதையைப் பற்றியும் பேசுவதும், அவரது குடும்பமே பின்னர் பிலிப்பின் அடைக்கலமாவதும் நன்கு அறியப்பட்டவை. படுக்கையின் அருகே நாள்தோறும் நிற்க வேண்டிய துறை என்பதால்தான் இந்த நட்பு அமைகிறது என்பதைக் குறித்தால் போதும். ஏதெல்னி படித்தவர், பேச்சில் வல்லவர் என்பதையும் மறக்கலாகாது. பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் பேசியிருந்தால் நாவல் கேட்டிருக்குமா என்பது ஐயமே.

கறுப்புப் பையும் மாடிப்படியும்

மகப்பேற்றுப் பயிற்சி இவை அனைத்திலிருந்தும் வேறானது. இதில் நோயாளி மருத்துவமனைக்கு வருவதில்லை, மாணவன் வீட்டுக்குச் செல்கிறான். மாம் தம் பயிற்சியில் மூன்று வாரங்களில் 63 பேறுகளைப் பார்த்ததாக எழுதியுள்ளார். அவை நிகழ்ந்த இடம், தேம்ஸ் ஆற்றுக்கு அப்பால் நாடாளுமன்றக் கட்டடம் தெரியும் லாம்பெத் பகுதியின் நெருக்கடி மிகுந்த குடியிருப்புகள். காவலரும் தனியே செல்லத் தயங்கிய சந்துகளில் மாணவனின் கையிலிருந்த கறுப்புப் பையே அவனுக்குக் காப்பாக இருந்தது.

களன் மாறியதும் கூற்றின் ஒழுங்கு கலைகிறது. நாவலில் பிலிப் அந்த அறைகளில் விருந்தினன். உட்கார இடம் கிடைத்தால் உட்காருகிறான். அயல்வீட்டுப் பெண்களுக்கு அவனைவிட அதிகம் தெரியும், அதை அவர்கள் மறைப்பதுமில்லை. இன்னொரு வயிறு வந்ததே என்னும் பெற்றோரின் சலிப்பை அவன் கேட்க நேர்கிறது. மிக இளவயதுத் தம்பதியர் இருவரின் வீட்டில் மனைவி பேற்றுக்குப்பின் இறக்கும் பகுதியில், அவனால் செய்யத்தக்கது எதுவும் இல்லை. கணவனிடம் சொல்லத்தக்க சொல்லும் இல்லை. புறநோயாளர் பிரிவில் கதவைத் தாண்டிப் போனவர்களின் பின்கதையை இப்பகுதியில்தான் நாவல் அடைகிறது.

மாமின் முதல் நாவலான 'லிசா ஆஃப் லாம்பெத்' (1897) இந்தப் படிக்கட்டுகளிலிருந்து பிறந்தது. கருச்சிதைவுக்குப்பின் லிசா இறந்துகொண்டிருக்க, அவள் தாயும் பேறு பார்க்கும் பெண்மணியும் மதுவை அருந்தியவாறு சாவுக்காப்பீட்டையும் ஈமச்சடங்கின் சிறப்பையும் பேசிக்கொண்டிருக்கும் இறுதிப் பகுதி அக்காலத்தில் கொடூரமானது எனக் கருதப்பட்டதில் வியப்பில்லை. அப்பகுதியில் மருத்துவர் ஏறத்தாழ வாய்பேசாதவர். வந்து பார்க்கிறார், நாடியைத் தொடுகிறார், காத்திருக்கிறார். கூற்று முழுவதும் பெண்களுடையது. ஏழைகளை இழிவுபடுத்தும் காட்சி என்று இதனை ஒதுக்குவது எளிது. ஆனால் சாவுக்காப்பீடு என்பது அப்பெண்களின் உலகில் மானத்தோடு அடக்கம் செய்யப்படுவதற்கான ஒரே உறுதி. அதைக் குறித்துப் பேசுவது அன்பின்மை அன்று. இருபத்து மூன்று வயதில் மாம் இதை விளக்கவில்லை, கேட்டதை எழுதினார். பதினெட்டு ஆண்டுகள் கழித்து எழுதிய நாவலில் அவர் விளக்கத் தொடங்குகிறார்; விளக்கம் வரும் இடங்களில் குரல்கள் தேய்கின்றன. கைதேர்ந்த பிற்கால மாமைவிட, பையைத் தூக்கிக்கொண்டு ஓடிய மாணவனுக்குக் காது கூர்மை.

துறைகள் இல்லாத இடம்

கீவ் பல்கலைக்கழகத்தில் 1916-இல் மருத்துவப் பட்டம் பெற்ற புல்ககோவ், அவ்வாண்டு செப்டம்பரில் ஸ்மொலென்ஸ்க் மாகாணத்தின் நிக்கோல்ஸ்கோயே என்னும் சிற்றூர் மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டார். போர்க்காலமாதலால் மூத்த மருத்துவர்கள் ஊர்ப்புறங்களில் இல்லை. அந்த அனுபவத்திலிருந்து எழுந்த கதைகள் 'மெதிட்சின்ஸ்கி ரபோத்னிக்' என்னும் மருத்துவப் பணியாளர் இதழில் வெளிவந்தன. கதைகளில் ஊரின் பெயர் முரியெவோ, படுக்கைகள் நாற்பது, மருத்துவர் ஒருவர்.

லண்டனில் மாணவன் ஒரு துறையிலிருந்து மறு துறைக்கு நகர்ந்தான். முரியெவோவில் எல்லாத் துறைகளும் ஒரே இரவில் ஒரே கதவின் வழியாக வந்து சேர்கின்றன. முதல் நாளிலேயே, சணல்நார் உடைக்கும் பொறியில் கால் நசுங்கிய பெண் ஒருத்தியைத் தந்தை தூக்கி வருகிறார். இளம் மருத்துவன் மாணவப் பருவத்தில் ஒரே ஒரு காலறுவையைப் பார்த்தவன். அவள் விரைவில் இறந்துவிட்டால் நல்லது என்று அவன் மனம் வேண்டுகிறது. கைகளோ வெட்டத் தொடங்குகின்றன. அவள் பிழைக்கிறாள். இதற்குமுன் பல காலறுவைகள் செய்திருக்கிறீர்களா என உடனிருந்தவர்கள் வியப்புடன் கேட்கையில் இரண்டு செய்ததாகப் பொய் சொல்கிறான். மாமின் பிலிப் மறைக்க விரும்பியது தன் காலை. புல்ககோவின் மருத்துவன் மறைப்பது தன் அனுபவமின்மையை.

குறுக்குநிலையில் கிடக்கும் சிசுவைத் திருப்ப வேண்டிய பேற்றைப் பற்றிய கதை இதனினும் பொருள் பொதிந்தது. புகைபிடிக்கப் போவதாகச் சொல்லிவிட்டு அறைக்கு ஓடும் மருத்துவன் தெதெர்லைனின் மகப்பேற்று அறுவை நூலைப் புரட்டுகிறான். படங்களும் எச்சரிக்கைகளும் அவன் அறிவைக் கலைக்கின்றனவே தவிர உதவவில்லை. திரும்பி வந்து கைகழுவும்போது, முந்தைய மருத்துவர் அதை எவ்வாறு செய்தார் என்று தாதி அன்னா நிக்கலாயெவ்னா சொல்கிறார். அந்தச் சில நிமிடப் பேச்சு நூல்கள் அனைத்தினும் அதிகம் கற்பிக்கிறது. பேறு முடிந்தபின் அதே நூலைத் திறந்தால் இருண்டிருந்த வரிகள் தெளிவாகின்றன.

திருக்குறளின் 'மருந்து' அதிகாரம் (குறள் 950) மருத்துவத்தை நோயாளி, மருத்துவன், மருந்து, அருகிருந்து பணிபுரிபவன் என நான்காகப் பகுக்கிறது. இந்நான்காமவரைப் பெருநகர மருத்துவமனைப் புனைவுகள் பெரும்பாலும் பின்புலத்தில் நிறுத்திவிடுகின்றன. பிலிப்பின் மருத்துவமனையிலும் தாதியருக்குப் பெரிய இடம் இல்லை. முரியெவோவில் நான்காமவரே ஆசிரியர். பட்டம் பெற்றவன் மாணவன், பட்டமில்லாதவர் கற்பிப்பவர். அன்னா நிக்கலாயெவ்னா இதை அவன் நாணாத வண்ணம், பழைய கதை சொல்வதுபோலச் செய்கிறார். யார் கூற்று, கேட்போர் யார் என்பதைப் படிநிலை மாற்றாமலேயே மாற்றிவிடும் இந்த நயம் மாமிடம் இல்லாதது.

புல்ககோவிடமும் ஒரு குறை உண்டு. அவர் கதைகளில் ஊரார் பெரும்பாலும் கூட்டமாகவே வருகின்றனர். தொண்டை அடைப்பான் கண்ட சிறுமிக்கு மூச்சுக்குழல் திறந்து குழாய் வைத்ததை, 'எஃகுத் தொண்டை' பொருத்திவிட்டதாக அவர்கள் பரப்பும் கதை நகைச்சுவைக்கு உரியதாகிறது. அறியாமை இருட்டு என்னும் சட்டகத்தை அவர் முழுதும் விட்டு விலகவில்லை. மருத்துவனின் அச்சத்தை எழுதிய அளவு நோயாளியின் அச்சத்தை எழுதவில்லை.

தனக்குத்தானே எழுதிய குறிப்பு

1927-இல் வெளிவந்த 'மார்ஃபியா' என்னும் கதை இவ்விரு உலகங்களையும் இணைக்கிறது. ஊர்ப்புறத்திலிருந்து மாவட்ட நகரின் மருத்துவமனைக்கு மாறிய டாக்டர் பாம்கார்ட் தொடக்கத்திலேயே மகிழ்ச்சியைப் பற்றிப் பேசுகிறார். அம்மகிழ்ச்சிக்குக் காரணம் அங்கே துறைகள் இருப்பது. அறுவை, பொது மருத்துவம், தொற்றுநோய், மகப்பேறு என்று தனித்தனிப் பிரிவுகள். அவர் பொறுப்பு குழந்தைகள் பிரிவு மட்டுமே. நள்ளிரவில் குடலிறக்கம் வந்தாலும் எழ வேண்டியவர் வேறொருவர். துறை என்பது நோயாளியைப் பங்கிடும் ஏற்பாடு மட்டுமன்று, மருத்துவனின் அச்சத்தையும் பங்கிடும் ஏற்பாடு என்பதை இவ்வளவு வெளிப்படையாகச் சொன்ன புனைகதை அரிது. புல்ககோவும் 1917-இல் வியாஸ்மா நகர மருத்துவமனைக்கு மாற்றப்பட்டவர். மார்ஃபின் பழக்கத்துக்கு ஆட்பட்டு மீண்டவர்.

பாம்கார்ட் விட்டுவந்த ஊருக்குப் பதிலாகச் சென்றவர் அவருடன் பயின்ற பொலியகோவ். அவரிடமிருந்து உதவி கேட்டு ஒரு மடல் வருகிறது. பாம்கார்ட் புறப்படுமுன் பொலியகோவ் தன்னைத்தானே சுட்டுக்கொண்ட நிலையில் கொண்டுவரப்பட்டு இறக்கிறார். எஞ்சுவது ஒரு நாட்குறிப்பேடு.

அந்நாட்குறிப்பின் நடை ஒரு நோயாளர் குறிப்பின் நடை. அளவு, வேளை, உண்டான விளைவு, உறக்கம், பசி, உடல் எடை என்று பயிற்சிக் காலத்தில் கற்ற ஒழுங்கிலேயே பொலியகோவ் தன்னை எழுதுகிறார். முதல் ஊசியைப் போட்டவர் உடனிருந்த பெண் மருத்துவ உதவியாளர். பின்னர் தடுக்க முயல்பவரும் அவரே, அவர் சொல்லோ கேட்கப்படுவதில்லை. குறிப்பு எழுதுபவனும் எழுதப்படுபவனும் ஒருவனாகிவிட்டதால், தவறாக எழுதினால் திருத்த மூத்தவர் எவருமில்லை. நாட்குறிப்பு தன்னையே ஏமாற்றத் தொடங்கும் இடங்களை வாசகர் மட்டுமே காண்கிறார். ஜேக்கப்ஸின் அறையில் பிலிப் காலணியைக் கழற்றியபோது பத்துப் பன்னிரண்டு மாணவர்கள் பார்த்தார்கள். அவமானம் நேர்ந்தது, கால் சரியாயிற்று. பொலியகோவின் அறையில் பார்க்க எவரும் இல்லை. மடல் தன் கைக்கு வந்த அன்றிரவே தாம் புறப்படாததைப் பாம்கார்ட் எந்தச் சமாதானமும் கூறாமல் பதிவு செய்கிறார். அன்று அவர் குழந்தைகள் பிரிவின் வேலையை முடித்துவிட்டு வந்து, படுக்கையில் மடலைப் பிரித்துப் படித்தார்.